சலேத் மாவு கம்பெனி

ஈஜிபுரா, பெங்களூரு
15 ஜூன் 2025

அன்புள்ள மரியா,

குழந்தை இயேசுவின் கிருபையில் நான் இங்கே சுகம். ஒக்கலிபுரத்தில் அம்மாவும் அப்பாவும் சுகம். அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? ஏற்காட்டுக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? உன் சளிக்கு அங்கே யாராவது மிளகு ரசம் வைத்துத் தருகிறார்களா?

நவகன்னியர் மடத்தில் கன்னியாஸ்திரீ பயிற்சி முடியும்வரை ஒரு வருஷத்துக்குப் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான், அதையும் மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது நானே தபால் நிலையத்தில் வரிசையில் நின்று கவர் வாங்குகிறேன். இதைப் படிக்கும் மதர் அவர்களுக்கும் என் வணக்கம். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் மன்னிக்கவும். புத்தகத்தைக்கூட லேப்டாப்பில்தான் அடிக்கிறேன்.

ஆமாம், புத்தகம். சென்னையில் ஒரு பதிப்பகம் என் வீடியோக்களைப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லியிருக்கிறது. பெயர் ‘சம்பளம் வந்த மறுநாள்’. பேங்க் வேலையை விட்டு ஒன்றரை வருஷம் கழித்து வந்திருக்கும் முதல் நல்ல செய்தி. அப்பா இன்னும் தெருவில் யாரிடமும் நான் வேலையை விட்டதைச் சொல்லவில்லை. கேட்டால், “பேங்க்ல இருக்கா” என்கிறாராம்.

எரிச்சலுக்கும் குறைவில்லை. சேமிப்பு, காப்பீடு, கடன் என்று நான் தொண்டை வறளப் பேசுகிறேன். கீழே கருத்து எழுதுகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த ஷேர் வாங்கலாம்? உரிமம் இல்லாத நான் அதைச் சொல்லக் கூடாது. பாடத்துக்கு உதாரணம் காட்டினாலும் மூன்று மாதப் பழைய விலையைத்தான் காட்டலாம். இது எதற்கு வம்பு என்று நானே ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொண்டேன். ‘சலேத் மாவு கம்பெனி’. விவேக் நகரில் இட்லி மாவு அரைத்து விற்கும் சலேத்து அம்மாள் என்றுதான் எல்லா வீடியோவும் தொடங்குகிறது. பெயரும் கடையும் உன் அம்மாவுடையது, அவரிடம் கேட்டுத்தான் வைத்தேன். “என் பேரை வச்சா உன்னை யாருடி பார்ப்பாங்க” என்றார் சித்தி. முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ரயில் ஏறும்போது நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தியோடு சாப்பிட வேண்டும், அவ்வளவுதானே? கட்டாயம் செய்கிறேன். இந்த வாரம் மட்டும் ஷூட்டிங் வந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சரளா


நவகன்னியர் மடம், ஏற்காடு
9 ஜூலை 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அக்காவுக்கு மரியா எழுதுவது. ஆண்டவர் அருளால் நலமாக இருக்கிறேன். பெரியம்மா முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். பெரியப்பாவுக்கு என் வணக்கம். சளி இல்லை. மிளகு ரசம் இங்கே செவ்வாய்தோறும் உண்டு.

புத்தகச் செய்தி கேட்டு எல்லோரும் மகிழ்ந்தோம். மதர் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தார்கள்.

காலை நாலரைக்கு எழுகிறோம். தோட்டத்தில் பீன்ஸ் பறிக்கிறோம். சமையலறையில் எனக்கு மாவு அரைக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஊரில் இதைச் செய்ய மாட்டேன் என்று அம்மாவோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன். இங்கே எல்லோரும் ஒரே நீள மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசிக்கொண்டே சாப்பிடலாம்.

அம்மாவிடமிருந்து கடிதம் இல்லை. அவருக்கு எழுதச் சோம்பல் என்று உனக்குத் தெரியும். அப்பா போனபிறகு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கறிக்குழம்பு வைத்துச் சாப்பிடுவோம். இப்போது அம்மா என்ன சமைக்கிறார்? நீ போனாயா?

உனக்காகச் செபிக்கும்,
மரியா


ஈஜிபுரா
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மரியா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிறது. பதில் எழுத இப்போதுதான் கை ஒழிந்தது. திட்டாதே.

வீட்டுக்கு எதிரே மேம்பால வேலை. காலையில் தொடங்கினால் சாயங்காலம்வரை துளைபோடும் சத்தம். ஜன்னலை மூடி, மெத்தையை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, வேர்த்து ஊற்ற உட்கார்ந்து ‘கூட்டு வட்டி’ பேசுகிறேன். நடுவில் வீட்டுக்காரம்மா வந்து கதவைத் தட்டி, நீ யாரோடு சண்டை போடுகிறாய் என்று கன்னடத்தில் கேட்கிறார். இரண்டு நாள் உழைத்த வீடியோவை நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். தங்கக் காசை வாயில் கடித்துக் காட்டும் ஒருவனை நாலு லட்சம் பேர் பார்க்கிறார்கள். இதற்கு நான் என்ன பாடம் எடுப்பது?

புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயம் முடிந்தது. பதிப்பகத்தில் சௌம்யா என்று ஒரு எடிட்டர், நல்ல பெண். சலேத் மாவு கம்பெனிதான் புத்தகத்தின் உயிர் என்கிறாள். சலேத்து அம்மாளுக்குக் கடையைப் பெரிதாக்கப் பணம் வேண்டும். வட்டிக்கு வாங்கலாமா? வேண்டாம். கடையை நூறு பங்காகப் பிரித்து விற்கலாம், லாபத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுக்கலாம், கூட்டம் போட்டு அவர்களிடம் யோசனை கேட்கலாம். இவ்வளவு எளிமையாகத் தமிழில் யாரும் சொன்னதில்லை என்றாள் சௌம்யா. இந்த வருஷத்தில் என்னை ஒருவர் புகழ்ந்தது அந்த ஒருமுறைதான்.

சித்தி இதையெல்லாம் கடையில் போனில் போட்டு, மாவு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுகிறாராம். புதிதாக ஒரு கிரைண்டரும் வாங்கியிருக்கிறார் என்று கேள்வி. வியாழக்கிழமை கோயிலில் நவநாள் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார்.

அடுத்த ஞாயிறு நிச்சயம் போகிறேன்.

சரளா


நவகன்னியர் மடம், ஏற்காடு
14 செப்டம்பர் 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அக்கா, நான் நலம். மாதா திருநாளுக்கு இங்கே பாயசம் வைத்தோம். சிவாஜிநகர் தேர் ஞாபகம் வந்தது. பெரியம்மாவுக்கு வலி குறைந்ததா?

உன் வேலை சிரமம் புரிகிறது. நாலாயிரம் பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்து உன்னைக் கேட்டால் விவேக் நகர்க் கோயில் கொள்ளாது. அப்படி நினைத்துக்கொள்.

மதர் ஒன்று கேட்கச் சொன்னார்கள். மடத்துக்கு வந்த காணிக்கையை வங்கியில் வைப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஷேரில் போட்டால் கூரை வேலைக்கு ஆகுமா, ஆகுமென்றால் எந்த ஷேர் என்று உன்னால் சொல்ல முடியுமா? நீ கோபப்படுவாய் என்று சொன்னேன். இருந்தாலும் கேள் என்றார்கள்.

அம்மா கிரைண்டர் வாங்கப் பணம் எங்கே கிடைத்தது? அவரிடம் கேட்டாயா? தனியாக இரண்டு கிரைண்டரைக் கழுவ வேண்டுமே.

தூரத்திலிருந்து பார்த்ததாக எழுதியிருந்தாய். நன்றி.

மரியா


ஈஜிபுரா
12 அக்டோபர் 2025

அன்புள்ள மரியா,

சுகமா? நான் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, கோபம்தான். மதர் அவர்கள் மன்னிக்க வேண்டும், கூரைக்குப் பதில் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வைப்பிலேயே இருக்கட்டும் என்பதுதான் சுருக்கமான பதில்.

இன்றைக்கு உன் அம்மா வீட்டுக்குப் போனேன். சித்தியை வைத்து ஒரு சின்ன வீடியோ எடுக்கலாம் என்று காமிராவோடு போனேன். வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று உள்ளே ஓடினால், கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் பதினைந்து இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் கிழவர், ஆட்டோ ரவிக்குமார், மருந்துக் கடை நாகேஷ், பூக்காரம்மா, இன்னும் யார் யாரோ. சித்தி பரிமாறிக்கொண்டிருந்தார்.

“வாடி, நல்ல நேரத்துக்கு வந்த. ஷேர் ஹோல்டர் கூட்டம் நடக்குது, உக்காரு” என்றார்.

நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். நாகேஷ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். குழந்தை இயேசு நவநாள் படம். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் ‘சலேத் மாவு கம்பெனி, ஒரு ஷேர், ஐநூறு ரூபாய்’ என்று எழுதி, கீழே சித்தியின் கையெழுத்து. இப்படி நாற்பது படம் விற்றிருக்கிறார், மரியா. கிரைண்டர் வந்தது அந்தப் பணத்தில்தான். லாபத்துக்குப் பதில் ஆளுக்கு அரைக் கிலோ மாவு. ஞாயிறுதோறும் கூட்டம். கூட்டம் என்றால் சாப்பாடு.

சமையல்கட்டுக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். “சித்தி, பதிவு பண்ணாத கம்பெனிக்கு ஷேர் விக்கிறது குத்தம். போலீஸ் கேஸ் ஆகும். தெரியுமா?”

“நீதானே சொன்ன, கடன் வாங்காதே, பங்கு குடுன்னு.”

“அது உதாரணம்.”

“உதாரணம்னா என் பேரை எதுக்கு வச்ச? விவேக் நகர் சலேத்து அம்மாள்னு என் தெருவைத்தானே சொன்ன?”

“வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூட்டம் போடணும். வாராவாரம் யாராவது போடுவாங்களா?”

“வருஷத்துக்கு ஒரு தடவை வந்து என்னத்தடி பேசுறது” என்றார். குழம்பு தீய்கிறது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தகம் அச்சுக்குப் போகும் நேரம் இது. எல்லோருடைய பணத்தையும் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டேன். நீயாவது ஒரு வரி எழுது. நீ சொன்னால் கேட்பார்.

சரளா


நவகன்னியர் மடம், ஏற்காடு
3 நவம்பர் 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அக்கா, நான் நலம். நேற்று கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்கு அம்மா யாரோடு போனாரோ தெரியவில்லை. ஷேர் வாங்கியவர்கள் யாராவது கூடப் போயிருந்தால் நல்லது.

அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். சட்டம் எனக்குத் தெரியாது.

கூட்டத்தில் என்ன குழம்பு என்று நீ எழுதவில்லை. கறிக்குழம்பா?

நிறைய எழுத நினைத்தேன். மணி அடித்துவிட்டது. அம்மாவைச் சத்தம் போடாதே அக்கா.

மரியா


ஈஜிபுரா
17 நவம்பர் 2025

அன்புள்ள மரியா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

சித்தி பாதிப் பேருக்குத்தான் பணத்தைக் கொடுத்திருந்தார். அதற்குள் என் வீடியோ பார்க்கிற கிரண் என்று ஒரு பையன், சலேத் மாவுக் கடை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க ஒயிட்ஃபீல்டிலிருந்து பைக்கில் வந்திருக்கிறான். பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். ஐநூறு ரூபாய் கொடுத்து ஒரு படம் வாங்கி, அதைக் கையில் பிடித்தபடி வீடியோ போட்டுவிட்டான். ‘பணப்பாடம் சொல்லும் சரளா, சித்தியை வைத்துத் திருட்டு ஷேர் விற்கிறார்’ என்று தலைப்பு. மூன்று நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நான் வாழ்நாளில் எடுத்த எந்த வீடியோவுக்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை.

இப்போது என் பெயரைத் திறந்தால் வசைதான். சௌம்யா நேற்று போன் செய்தாள். பதிப்பகத்தின் வக்கீல் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறாராம். புத்தகத்தில் சலேத் மாவு என்ற பெயரே வரக் கூடாது. அந்தப் பெண்மணிக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று நான் முகம் காட்டி ஒரு வீடியோ போட வேண்டும். போடாவிட்டால் புத்தகம் இல்லை. பேங்க் வேலையை விட்டதிலிருந்து இரண்டு வருஷ உழைப்பு, மரியா. அப்பா இப்போதுதான் முதல்முறையாகப் பக்கத்து வீட்டாரிடம், “என் பொண்ணு புத்தகம் எழுதுறா” என்று சொன்னாராம்.

நான் என்ன செய்யட்டும்? நீ அவருடைய மகள். நீ ‘சரி’ என்றால் சரி, ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் உங்களுக்குக் கடிதம் தர மாட்டார்கள் என்று தெரியும். அது தொடங்குமுன் ஒரு வார்த்தை எழுது. மதர், தயவுசெய்து இதை உடனே அவளிடம் கொடுங்கள்.

சரளா


ஈஜிபுரா
14 டிசம்பர் 2025

அன்புள்ள மரியா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. இது கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் உன் கைக்கு வரும்.

வீடியோவைப் போட்டுவிட்டேன். ஒரு நிமிஷம்கூட இல்லை. வக்கீல் எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். ‘விவேக் நகரில் மாவுக் கடை நடத்தும் அந்தப் பெண்மணிக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.’ வாசிக்கும்போது வெளியே துளைபோடும் சத்தம் வந்துவிட்டது. மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

எனக்கு வேறு வழி இல்லை. நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் யோசித்திருப்பேன். உன்மேலும் எனக்குக் கோபம்தான். நீ பாட்டுக்கு மலைமேல் போய் உட்கார்ந்துகொண்டு, ஞாயிறு சாப்பாடு, ஞாயிறு சாப்பாடு என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். என் வேலையை யார் பார்ப்பது? என் வாடகையை யார் கொடுப்பது?

ரவிக்குமார் சொன்னார். சித்தி புதுக் கிரைண்டரை விற்று மீதிப் பேருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டாராம். கிரணுக்கும். பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. சாமி படத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றார்களாம். போலீஸ் வரும் என்று பயந்து இப்போது ஞாயிற்றுக்கிழமை யாரும் போவதில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்.

சரளா


ஈஜிபுரா
18 ஜனவரி 2026

அன்புள்ள மரியா,

சுகமாக இருக்கிறாயா? கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது, புது வருஷமும் வந்துவிட்டது. மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகாவது எழுதுவாய் என்று பார்த்தேன். இல்லை.

புத்தகம் வந்துவிட்டது. சென்னையில் ஒரு சின்ன விழா வைத்தார்கள். மேடையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். கேள்வி நேரத்தில் முதல் வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து, “சலேத் மாவுக் கதைக்காகத்தான் வாங்கினேன். அது எங்கே?” என்று கேட்டார். இடப் பற்றாக்குறை என்று சொன்னேன். இரண்டாவது கேள்வி எந்த ஷேர் வாங்கலாம் என்பது.

அப்பா பத்துப் பிரதி வாங்கி ஒக்கலிபுரம் முழுக்கக் கொடுத்துவிட்டார். அம்மா மட்டும் புத்தகத்தைத் தொடவில்லை. “என் தங்கச்சியை யாருன்னே தெரியாதுன்னுட்டியே” என்றார். அதற்குப்பிறகு என்னோடு பேசுவதில்லை.

இவ்வளவு நாள் ஆசைப்பட்டது கையில் இருக்கிறது. பிரித்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

சரளா


நவகன்னியர் மடம், ஏற்காடு
8 பிப்ரவரி 2026

இயேசுவுக்கே புகழ்.

அக்காவுக்கு, நான் நலம்.

உன் நவம்பர்க் கடிதம் வந்த அன்று நாங்கள் பத்து நாள் மௌனத் தியானத்தில் இருந்தோம். அது முடிவதற்குள் திருவருகைக் காலம் வந்துவிட்டது. மதர்மேல் தப்பில்லை. மூன்று கடிதமும் சேர்ந்தே என் கையில் இருக்கின்றன. இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

அம்மா பார்சல் அனுப்பியிருந்தார். கல்கல், ரோஸ் குக்கி என்று கிறிஸ்துமஸ் பலகாரம், ஒரு ஸ்வெட்டர். அடியில் உன் புத்தகம். கடையில் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார், பில் உள்ளேயே இருந்தது. ‘நம்ம சரளா எழுதினது, எல்லாருக்கும் காட்டு’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தார். அம்மா எனக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான். பில்லில் தேதி பார்த்தேன். உன் வீடியோவுக்குப் பின்னால்தான் வாங்கியிருக்கிறார்.

மூன்றாவது அத்தியாயத்தில் அம்மாவைத் தேடினேன். ஏபிசி ஃபுட்ஸ் என்று இருந்தது.

என்மேல் கோபம் என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்தவள் நான். உன்னைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் கேள்வியாக மட்டும் கேட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கிரைண்டர் வேண்டியிருக்கவில்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட ஆள் வேண்டியிருந்தது. நாற்பது பேரிடம் விற்றால் நாலு பேராவது வருவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்.

மே 24 எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற உறுதிமொழி எடுக்கிறேன். குடும்பத்தார் வரலாம்.

மரியா


ஈஜிபுரா
13 ஏப்ரல் 2026

அன்புள்ள மரியா,

ஈஸ்டர் வாழ்த்துக்கள். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தவக்காலம் முழுக்க உனக்கு எழுத முடியாது என்பது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. எழுதியிருந்தால் சாக்குப்போக்குத்தான் எழுதியிருப்பேன்.

உன் கடிதம் வந்த அன்றே அந்த வீடியோவை நீக்கிவிட்டேன். அவர் என் சித்தி, அவர் பெயரைக் கேட்டு வாங்கி உதாரணமாக வைத்தவள் நான், ஒரு ரூபாய்கூட யாருக்கும் பாக்கி இல்லை என்று வேறொன்று போட்டேன். வக்கீல் கத்தினார். முதல் பதிப்பு விற்றால் விற்கட்டும், இரண்டாவது பதிப்பு கிடையாது என்று சௌம்யா வருத்தத்தோடு சொன்னாள். ‘முன்னே பொய்யா, இப்போது பொய்யா’ என்று கீழே எழுதினார்கள். பார்க்கிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு எடுக்கிறேன், வாடகைக்கு ஆகிறது.

பிறகு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன். கடையில் வரிசை நின்றது, நானும் நின்றேன். என் முறை வந்ததும் சித்தி நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்கம்மா, எவ்வளவு வேணும்?”

பிறந்ததிலிருந்து அந்தக் கடையில் நான் காசு கொடுத்து மாவு வாங்கியதில்லை. அரைக் கிலோ என்றேன். நிறுத்துப் போட்டார். முப்பத்தைந்து ரூபாய் என்றார். ஐம்பது கொடுத்தேன், மீதியை எண்ணிக் கையில் வைத்தார். “சித்தி, அந்த வீடியோவை எடுத்துட்டேன்” என்றேன். “அது உங்க வேலைம்மா. பின்னாடி ஆள் நிக்கிறாங்க” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மரியா. வீடு வரும்வரை அழுதேன். ஆட்டோக்காரர் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

தவக்காலத்தின் எல்லா ஞாயிறும் போனேன். எல்லா ஞாயிறும் வாங்கம்மா, எவ்வளவு வேணும். உள்ளே எட்டிப் பார்த்தால் கூடத்தில் சுருட்டி வைத்த பாய்கள் தெரியும், அவ்வளவுதான். மாவு என் வீட்டில் குவிந்துகொண்டே வந்தது. வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்தேன். இப்போதெல்லாம் அவர் சத்தம் என்று புகார் சொல்வதில்லை.

நேற்று போனபோது போனை வீட்டில் சார்ஜில் போட்டு மறந்துவிட்டேன். பர்ஸில் முப்பது ரூபாய்தான் இருந்தது. ஐந்து ரூபாய் குறைகிறது, கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்றேன். ‘கடன் கிடையாது’ என்று நீ ஏழாவது படிக்கும்போது எழுதி மாட்டிய அட்டை என் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. சித்தி முழு அரைக் கிலோவையும் பையில் போட்டு நீட்டினார்.

“அடுத்த வாரம் குடு.”

பின்னால் நின்ற ரவிக்குமாருக்குப் பொறுக்கவில்லை. “என்ன ஆன்ட்டி, நான் கேட்டா மட்டும் போர்டைக் காட்டுற?”

சித்தி தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது எங்க அக்கா பொண்ணு. நீ காசை எடு.”

அவ்வளவுதான் நடந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. உன் வார்த்தைப்பாட்டுக்கு ஏற்காடு வர இரண்டு டிக்கெட் போட்டு வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை, அடுத்த ஞாயிறு பார்க்கிறேன்.

ஐந்து ரூபாய் இங்கே மேஜைமேல்தான் கிடக்கிறது. சின்னக் கடன்தானே என்று விடாதே, அன்றன்றைக்கே அடைத்துவிடு என்று எத்தனை வீடியோவில் சொல்லியிருப்பேன், புத்தகத்தில் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். இந்தக் கடனை மட்டும் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மதர் அவர்களுக்கு என் வணக்கம்.

உன் அக்கா,
சரளா